முன்னோடிக்குப் போட்ட கதிரை

ரொம் அன்ட் ஜெரியில் ஒரு கதை வரும். 1946 இல் வெளிவந்தது, பெயர் ‘சொலிட் செறினேட்’. ரொம் ஒரு வீட்டு வளவுக்குள்ள பூந்து, காவல் நாயைக் கட்டிப்போட்டு, தன்னைவிடப் பெரிய டபிள் பேஸ் ஒன்றை ஊண்டி வைச்சுக்கொண்டு, ஜன்னலில் நிற்கிற பெட்டைப் பூனைக்காகப் பாட்டுப் பாடும். அந்தச் சத்தத்தில் ஜெரியின் நித்திரை குழம்பும். பிறகு வழமையான அடிபிடி. எங்கட வயசு ஆக்கள் இதைப் பாக்காமல் வளர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. பாட்டின் சொல் ஒன்றும் விளங்காத வயதிலேயே அந்த மெட்டு எங்களுக்குப் பாடம்.

அது கார்ட்டூனுக்காகப் போட்ட பாட்டு இல்ல. 1944 இலேயே அமெரிக்காவில் பெரிய ஹிற். பில்லி ஒஸ்ரின் என்பவரோடு சேர்ந்து அதை எழுதி, தன்ர குழுவோடு பாடிப் பதிவு செய்தவர் லூயிஸ் ஜோர்டன். சக்சபோன்காரர், பாடகர், ‘டிம்பனி ஃபைவ்’ என்ற சின்ன இசைக்குழுவின் தலைவர். இந்த வருசம் வெகுசனப் பண்பாடு பற்றின ஒரு பாடத்துக்காக நாங்கள் நாலு பேர் றொக் அன்ட் றோலின் வரலாற்றை எடுத்துப் படிக்கேக்கதான் இந்தப் பெயர் எங்களுக்குத் தட்டுப்பட்டது. கையில கிடைச்ச கட்டுரைகளில் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருந்தது. ஜோர்டனுக்கு ஒரு பந்தி. அந்தப் பந்தியில் ‘முன்னோடி’ என்ற சொல். அடுத்த பந்தியில் பில் ஹேலி, சக் பெரி, எல்விஸ் என்று கதை ஓடத் தொடங்கிவிடும்.

ஆனால் எண்ணிக்கையைப் பாத்தால் இது ஒரு பந்திக்குள்ள அடங்கிற ஆள் இல்ல. கறுப்பின மக்களின் இசைக்கென்று பில்போர்ட் சஞ்சிகை நடத்தின தரவரிசையில் இவருடைய 18 பாட்டுகள் முதலிடத்துக்கு வந்தன. அந்த முதலிடத்தில் இவர் இருந்த வாரங்களை எல்லாம் கூட்டினால் 113. அதாவது இரண்டு வருசத்துக்கும் மேல. ‘சூ சூ ச்பூகி’ என்ற ஒரு பாட்டு மட்டும் 1946 இல் 18 வாரம் முதலிடத்தில் நின்றது.

இன்னொரு விசயமும் இருக்கு, அதுதான் எங்களை இதை எழுத வைச்சது. 1987 இல் றொக் அன்ட் றோல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் ஜோர்டனைச் சேர்த்தார்கள். அவர் செத்து 12 வருசத்துக்குப் பிறகு. சேர்த்தது ‘கலைஞர்’ என்ற பிரிவில் இல்ல, ‘ஆரம்பகாலச் செல்வாக்கு’ என்ற பிரிவில். அதே 1987 இல் ‘கலைஞர்’ பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர் பில் ஹேலி. ஜோர்டன் பிறந்தது 1908, ஹேலி 1925, அதனால முந்தினவர் முந்தின பிரிவுக்குள்ள போறது நியாயம்தானே என்று முதல்ல நாங்களும் நினைச்சம். பிறகு பட்டியலை ஒழுங்காப் பாத்தால், அதே வருசம் பிக் ஜோ ரேணரும் ‘கலைஞர்’ பிரிவிலதான் இருக்கிறார். அவர் பிறந்தது 1911. வெறும் மூன்று வயசு வித்தியாசம். ஆக, வயசு இல்ல காரணம்.

சரி, ஆளைப் பற்றிச் சொல்லுவம்.

ஆர்கன்சோ மாநிலத்தில் பிறிங்க்லி என்ற சின்ன ஊர். தகப்பன் ஜேம்ஸ் ஜோர்டன் இசை ஆசிரியர், ஊர் பித்தளை வாத்தியக் குழுவுக்குத் தலைவர். தாய் சின்ன வயசிலேயே போய்விட்டார். தகப்பனிடம்தான் லூயிஸ் கிளாரினெட் பழகினார், பிறகு சக்சபோன். பதின்ம வயதில், ‘றாபிற் ஃபூற் மின்ஸ்றல்ஸ்’ என்ற ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்து ஆடிப்பாடுகிற கறுப்பினக் கலைக்குழுவோடும் போய் வாசித்தார். மா றெய்னி, பெஸி சிமித் போன்ற பெரிய புளூஸ் பாடகிகள் வந்த குழு அது. ஒரே மேடையில் பாட்டு, நடனம், பகிடி, சர்க்கஸ் எல்லாம் நடக்கும். சபை கலைஞ்சு போகாமல் எப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்கிறது என்று அந்தப் பொடியன் படிச்சது அங்கதான். இந்தக் கூடாரத்தை நினைவில வைச்சிருங்கோ, திரும்ப வர வேண்டியிருக்கு.

1936 இல் நியூயோர்க்கில் சிக் வெப்பின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார். ஹார்லெமில் சவோய் என்ற நடன மண்டபத்தின் ராசா அந்தக் குழு. எலா ஃபிற்ஸ்ஜெரால்ட் அதில் பாடிக்கொண்டிருந்த காலம். ஜோர்டன் சக்சபோன் வரிசையில் ஒருவர், இடைக்கிடை பாட விடுவார்கள், பாட்டுகளை அறிவிக்க விடுவார்கள். அது அவருக்குக் காணாது. எலாவையும் வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு போய்த் தனிக்குழு தொடங்கப் பாத்தார் என்று கேள்விப்பட்ட வெப், 1938 இல் அவரை அனுப்பிவிட்டார் என்று சொல்லுகினம். ஆள் ஒன்றும் வெள்ளைச்சீலை இல்ல என்று விளங்குது.

ஹார்லெமில் எல்க்ஸ் றொந்தேவூ என்ற விடுதியில் சின்னக் குழு ஒன்றோடு வாசிக்கத் தொடங்கினார். அந்த வருசக் கடைசியில் டெக்கா கொம்பனிக்காக முதல் பதிவு. கொஞ்சக் காலத்தில் குழுவுக்கு ‘டிம்பனி ஃபைவ்’ என்று பெயர் வந்தது. பெயரில் ஐந்து இருந்தாலும் மேடையில் பெரும்பாலும் ஆறு ஏழு பேர் நிற்பார்கள். பெயரை மாத்த அவர் மினக்கெடவில்லை.

இந்த ஐந்து என்ற எண்ணில கொஞ்சம் நிற்கவேணும். அந்தக் காலத்து நடன இசைக்குழு என்றால் பதினைந்து பதினாறு பேர். எங்களில ஒருத்தன் கோயில் திருவிழாக்களில் இசைக்குழு ஒன்றுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவன். அவனுக்கு இதை வாசிச்சுக் காட்டினவுடன் கேட்ட முதல் கேள்வி, “அப்ப வானுக்கு ஆர் காசு குடுக்கிறது?” என்பதுதான். சரியான கேள்வி. பதினாறு பேருக்கு ஒரு பஸ் வேணும், பதினாறு கட்டில் வேணும், கிடைக்கிற காசைப் பதினாறாகப் பிரிக்கவேணும். 1942 க்குப் பிறகு அமெரிக்காவில் யுத்தகாலப் பங்கீடு. பெற்றோலுக்கும் ரயருக்கும் அட்டை. வாத்தியக்காரரைப் படைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1944 இல் நடனம் இருக்கிற விடுதிகளுக்கு மத்திய அரசாங்கம் 30 சதவீத வரி போட்டது, அதைப் பிறகு 20 ஆகக் குறைத்தார்கள். பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகச் சரிந்ததுக்கு ரசனை மாறினது மட்டும் காரணம் இல்ல, கணக்குச் சரிவராததும் காரணம்.

ஜோர்டனின் குழு ஒரு சக்சபோன், ஒரு ட்றம்பெற், பியானோ, பேஸ், ட்றம்ஸ், பிறகு ஒரு மின்கிற்றார். இவ்வளவு பேரோடு பதினாறு பேரின் சத்தத்தைக் கொண்டுவர வேணும். அதுக்கு அவர் கண்டுபிடித்த வழி, தாளத்தை முன்னுக்குத் தள்ளுறது. பியானோவின் இடக்கை நொண்டி நொண்டி ஓடுகிற மாதிரி ஒரு நடை. அதை ‘ஷஃபிள்’ என்கிறார்கள். எங்கட கீபோர்ட்காரன் மேசையில தட்டிக் காட்டினான், ‘டக்-க, டக்-க, டக்-க’ என்று ஒரு தட்டு நீளம், அடுத்தது கட்டை. அதுக்கு மேல சக்சபோனும் ட்றம்பெற்றும் சின்னச் சின்ன வெட்டு வெட்டாக விழும். நடுவில இடம் நிறைய இருக்கும். அந்த வெற்றிடத்திலதான் ஜோர்டன் கதை சொல்லுவார். பதினாறு பேர் வாசிச்சால் கதை கேக்காது. இப்ப நாங்கள் கேக்கிற எந்த ‘பான்ட்’ இசையையும், ஒரு பாடகர், ஒரு கிற்றார், ஒரு பேஸ், ஒரு ட்றம்ஸ் என்று, இந்த வடிவத்துக்குள்ள வைச்சுப் பாக்கலாம்.

ஆள் கடுமையான தலைவராம். ஒத்திகைக்கு மேல ஒத்திகை. எல்லாரும் ஒரே நிறத்தில் பளிச்சென்ற கோட் சூட் போடவேணும். மேடையில் கண்ணை உருட்டி, கையை விரிச்சு, விழுந்து எழும்பி ஆடுகிற ஜோர்டனைப் பாக்கிறவைக்கு, அந்தக் கண் உருட்டலும் ஒத்திகை பாக்கப்பட்டது என்று தெரியாது. அயோவா மாநிலத்தில் சீடர் றபிட்ஸ் என்ற ஊரில் ஃபொக்ஸ் ஹெட் என்ற ஒரு சின்னத் தவறணை. 1940களின் தொடக்கத்தில் குழுவை அங்க அனுப்பி வைச்சார்கள். ஹார்லெமின் கண்ணுக்கு எட்டாத இடம். அங்க அவர் பகிடிப் பாட்டுகளைப் பரீட்சித்துப் பாத்தார். எது சிரிக்க வைக்குது, எது ஆட வைக்குது என்று இரவு இரவாகக் கணக்கெடுத்தார். பெயர் எடுத்த பாணி அங்க தான் முற்றினது.

முதல் முதலிடம் கிடைத்த பாட்டு, குடியை ஏன் விடவேணும் என்று தகப்பனிடம் கேக்கிற மகனைப் பற்றினது. ‘றேஷன் புளூஸ்’ பங்கீட்டு அட்டையைப் பற்றினது. சீனி இல்ல, இறைச்சி இல்ல என்று சாமான் தட்டுப்பாட்டைக் காதல் தட்டுப்பாடாக்கிச் சிரிக்கிற பாட்டு. 2022 இல் காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில நிண்ட எங்களுக்கு இந்தப் பாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படேல்ல. வரிசையில நிக்கேக்க சனம் விட்ட பகிடிகளைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் தேவைப்படாது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டும், ரொம் பூனை பாடினதும், வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்கென்று இருந்த தரவரிசையிலும் முதலிடத்துக்கு வந்தன. அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் பல மண்டபங்களில் வெள்ளையருக்கு ஒரு இரவு, கறுப்பருக்கு ஒரு இரவு. அல்லது ஒரே மண்டபத்தில் நடுவில கயிறு. இசைத்தட்டுக்குக் கயிறு கட்ட முடியேல்ல.

கொம்பனிகளும் சஞ்சிகைகளும் கட்டத்தான் பாத்தன. 1942 இல் பில்போர்ட் தொடங்கின அந்தத் தனித் தரவரிசையின் பெயர் ‘ஹார்லெம் ஹிற் பரேட்’. 1945 இல் அது ‘றேஸ்’ என்ற சொல்லைப் போட்டுக்கொண்டது, அதாவது ‘இன’ இசை. 1949 இல்தான் ‘றிதம் அன்ட் புளூஸ்’ ஆச்சு, அப்ப அந்தச் சஞ்சிகையில வேலை செய்த ஜெரி வெக்ஸ்லர் முன்மொழிந்த பெயர். கவனியுங்கோ, 1949 என்றால் ஜோர்டனின் ஓட்டம் முக்கால்வாசி முடிஞ்சுட்டுது. அவர் வாசிச்சதுக்குப் பெயரே பிறகுதான் வந்தது.

இனி எங்களுக்குள்ள நடந்த சண்டை. எங்கட குழுவில சங்கீதம் முறையாகப் படிச்ச ஒருத்தி இருக்கிறாள். ஜோர்டனின் ‘கோழிகள்’ பாட்டைப் போட்டவுடன் அவளுக்குப் பிடிக்கேல்ல. 1946 இல் பதிவான பாட்டு, 17 வாரம் முதலிடத்தில் நின்றது. கமக்காரன் ஒருவன் இரவில் கோழிக்கூட்டுக்குள்ள சத்தம் கேட்டு ஆர் அது என்று கத்துறான், உள்ளுக்க இருந்து ஒருத்தரும் இல்ல, நாங்கள் கோழியள்தான் எண்டு பதில் வருது. இது ஒரு பழைய அமெரிக்கப் பகிடியில இருந்து வந்தது. பழைய பகிடியில பதில் சொல்லுறது கோழி இல்ல, கோழி களவெடுக்க வந்த கறுப்பு மனுசன். வெள்ளைக்காரர் முகத்தில கரி பூசிக்கொண்டு கறுப்பரை முட்டாளாகவும் கள்ளராகவும் நடிச்சுக் காட்டின மேடை மரபின் எச்சம். “தன்ர சனத்தைக் கேவலப்படுத்தின பகிடியை ஏன் இந்த ஆள் பாடவேணும்? காசுக்கா?” என்று கேட்டாள். ஹோல் ஒஃப் ஃபேம்காரர் இப்பிடி யோசிச்சார்களோ தெரியாது, ஆனால் ஜோர்டனைப் பெரிய கலைஞராக எண்ணத் தயங்கினவர்களின் மனசில இதுதான் எங்கயோ இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறம். சிரிப்புக் காட்டினவர். மீனும் கோழியும் குடியும் பாடினவர். கூடாரத்தில் வளர்ந்தவர். துயரம் பாடினால் கலை, பகிடி பாடினால் பொழுதுபோக்கு. இந்தக் கணக்கு எங்கட ஊரிலயும் புதுசு இல்ல.

இரண்டு மூன்று இரவு இதிலேயே போச்சு. ஒரு கட்டத்தில பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டம். அதில கள்ளன் ஒருக்காலும் முகம் காட்ட மாட்டான். கோழி தான் கதைக்குது. நாளைக்கு எங்களுக்கு வேலை கிடக்கு, முட்டை இடவேணும், மண் கிளறவேணும், துவக்கை வைச்சிட்டுப் போய்ப் படு, எங்களை நித்திரை கொள்ள விடு என்கிற மாதிரி ஒரு குரல். நாள் முழுக்க வேலை செய்கிற ஆள் எசமானிடம் சொல்லுற குரல். இது கோழியா, கோழி மாதிரிக் கதைக்கிற மனுசனா என்று பாட்டு கடைசிவரைக்கும் சொல்லாது. கறுப்பினச் சபை எதுக்குச் சிரிச்சது, வெள்ளைச் சபை எதுக்குச் சிரிச்சது? இரண்டு சிரிப்பும் ஒன்று இல்ல என்றுதான் எங்களுக்குப் படுது. அவள் இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளேல்ல. அதுவும் நல்லது.

ஆனால் ‘சற்றடே நைற் ஃபிஷ் ஃப்றை’யில எல்லாரும் ஒரே பக்கம் வந்தம். 1949 இல் பதிவு செய்தது. ஐந்து நிமிசத்துக்கு மேல் ஓடுகிறதால இசைத்தட்டின் இரண்டு பக்கத்திலும் பிரிச்சுப் போட்டார்கள். மீன் பொரிச்சு விற்று, வந்த ஆக்களிடம் கொஞ்சக் காசு சேர்த்து, வீட்டுக்குள்ளயே ஆடிப்பாடுகிற கொண்டாட்டத்தைத்தான் ஃபிஷ் ஃப்றை என்கிறார்கள். சமையல்காரர், பரிமாறுறவர், வீட்டு வேலைக்குப் போறவர் எல்லாருக்கும் கிழமைக் கடைசியில கிடைக்கிற ஒரே ஆறுதல். இரண்டு நண்பர்கள் நியூ ஓர்லியன்ஸுக்கு வருகிறார்கள். றம்பார்ட் தெருவில் ஒரு வீட்டில கொண்டாட்டம். உள்ளுக்க போகிறார்கள். கொஞ்ச நேரத்தில பொலிஸ் வந்து வளைக்குது. கதை சொல்லுறவர் குளியல் தொட்டிக்குக் கீழ ஒளிக்கப் பாத்துப் பிடிபடுறார். எல்லாரையும் வண்டியில அள்ளிக்கொண்டு போய்ச் சிறையில போடுகிறார்கள். விடிய ஒரு பெட்டை வந்து பிணை எடுக்கிறாள். இனிமேல் மீன் என்ற பேச்சே வேண்டாம் என்று கதை முடியுது.

முழுக்க முழுக்கச் சிரிப்பாத்தான் பாடுறார். ஒரு இடத்திலயும் குரல் உடையேல்ல. ஆனால் என்ன குற்றத்துக்குப் பிடிச்சார்கள் என்று பாட்டில எங்கயும் இல்ல. ஆடினது குற்றம், சத்தம் போட்டது குற்றம், அந்தத் தெருவில இருந்தது குற்றம். சுற்றிவளைப்பு என்ற சொல் எங்கட அம்மா அப்பாக்களின் கதையில வாற சொல். அவையும் அதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவினம். கோடிக்குள்ள ஒளிச்சது, செருப்பு மாறிப்போட்டுக்கொண்டு போனது, மாமா பிடிபட்ட சாரத்தோடயே மூன்று நாள் இருந்தது. சின்னனில கேக்கேக்க நாங்களும் சிரிச்சம். ஏன் சிரிச்சுச் சொல்லுகினம் என்று அப்ப யோசிச்சதில்ல. இந்தப் பாட்டைக் கேட்ட இரவு அறையில கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல.

இந்தப் பாட்டை ஜோர்டனுக்கு முந்தி எடி வில்லியம்ஸின் குழுவும் பதிவு செய்தது. ஜோர்டன் செய்த மாற்றம் என்னவென்றால், ‘றொக்கிங்’ என்ற சொல் வருகிற துண்டைத் தூக்கி, ஒவ்வொரு கதைத் துண்டுக்கும் பிறகு திரும்பத் திரும்ப வருகிற பல்லவியாக வைத்ததுதான். முதல் றொக் அன்ட் றோல் பாட்டு எது என்று சண்டை பிடிக்கிறவை எல்லாரும் போடுகிற பட்டியலில் இந்தப் பாட்டும் இருக்கு. எங்களுக்கு அந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்ல.

காசு விசயத்துக்கு வருவம். ‘கால்டோனியா’ 1945 இன் பெரிய ஹிற். அதே பெயரில் ஜோர்டன் நடிச்ச குறும்படம்கூட வந்தது. 2008 இல் அமெரிக்கத் தபால்துறை பழைய கறுப்பினத் திரைப்படங்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அதில ஒன்று அந்தப் படத்தின் சுவரொட்டி. ஆனால் பாட்டு எழுதியவர் பெயராகப் பதிவில இருக்கிறது ஃப்ளீஸி மூர், ஜோர்டனின் அப்போதைய மனைவி. ஜோர்டன் ஒரு பதிப்புக் கொம்பனியோடு ஒப்பந்தத்தில இருந்தார். வேறு கொம்பனிக்குப் பாட்டுக் குடுக்கிறதுக்காக மனைவியின் பெயரைப் போட்டார். பிறகு சண்டை. ஒரு சண்டையில அவர் ஜோர்டனைக் கத்தியால குத்தினார். ஒருக்கா ஒற்றுமையானார்கள், பிறகு பிரிந்தார்கள். பாட்டுகளின் உரிமை ஃப்ளீஸி மூரிடமே போச்சு. ஜோர்டன் பிற்காலத்தில இதைப் பற்றிக் கசப்போடுதான் கதைத்தார். கட்டுரைகளில் இது ‘ஏமாத்தின மனைவி’ கதையாக வருது. எங்களுக்கு அப்பிடி ஒரேயடியாச் சொல்ல விருப்பமில்ல. பெண்ணின் பெயரைக் கள்ளக் கையெழுத்து மாதிரிப் பாவிச்சது ஜோர்டன். அந்தப் பெயர் உண்மையான ஆள் ஒருத்தியுடையது என்று சட்டம் சொன்னது, அவ்வளவுதான்.

1951 இல் ஜோர்டன் ஒரு விசித்திரமான வேலை செய்தார். பெரிய குழுக்கள் எல்லாம் படுத்துக்கிடக்கிற நேரம், இவர் பெரிய குழு ஒன்று தொடங்கினார்! சின்னக் குழுதான் எதிர்காலம் என்று உலகத்துக்குக் காட்டின ஆள். சிக் வெப்பின் சக்சபோன் வரிசையில இருந்த பொடியனின் ஆசை போகேல்லப் போல. அடுத்த வருசமே கலைஞ்சுது. உடம்பும் ஏலாமல் வந்தது. மூட்டு வருத்தம். தரவரிசையில இருந்து பெயர் மெல்ல இறங்கினது.

1954 இல் டெக்காவை விட்டு அலடின் என்ற சின்னக் கொம்பனிக்குப் போனார். அதே 1954, ஏப்ரில் 12, அதே டெக்கா கொம்பனிக்காக பில் ஹேலி நியூயோர்க்கில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பெயர் ‘றொக் அறவுண்ட் த க்ளொக்’. தயாரிப்பாளர் மில்ற் கேப்ளர். கேப்ளர் ஆர்? 1940களில் டெக்காவில் ஜோர்டனின் தயாரிப்பாளர். ‘சூ சூ ச்பூகி’யை எழுதின மூன்று பேரில ஒருவர். ஜோர்டன் குழுவின் தாளத்தை, வெட்டு வெட்டாக விழுகிற அந்த ஊதுகுழல் துண்டுகளை, ஹேலியின் ஆக்களுக்குத் தானே முணுமுணுத்துச் சொல்லிக் குடுத்ததாக கேப்ளர் பிற்காலத்தில ஒளிக்காமல் சொன்னார். அடுத்த வருசம் ஒரு திரைப்படத்தில அந்தப் பாட்டு வந்து உலகம் முழுக்கப் பரவினது.

இதை வெறும் களவு என்று எழுதினால் எங்களுக்கும் லேசு. ஆனால் அப்பிடி மட்டும் இல்ல. ஜோர்டனுக்கு அப்ப 45 வயசு. அவர் பாடினது வாடகை, குடி, மனைவி, மாமியார், பொலிஸ். வளர்ந்த ஆக்களின் கவலை. 1955 இல் இசைத்தட்டு வாங்கினது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதைப் புரிஞ்சுகொண்டு எழுதினவர் சக் பெரி. ஜோர்டனின் கதை சொல்லுற முறையை எடுத்து, அதுக்குள்ள காரும் பள்ளிக்கூட மணியும் வைச்சார். எடுத்ததைச் சொல்லவும் செய்தார். ‘ஜொனி பி. கூட்’ பாட்டின் அந்தப் பேர்போன கிற்றார்த் தொடக்கம், 1946 இல் ஜோர்டனின் ஒரு பாட்டுக்குக் கிற்றார்க்காரர் கார்ல் ஹோகன் வாசிச்ச தொடக்கத்தில இருந்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கோ. எங்கட அறையில அது நடந்த நேரம் பக்கத்து அறைப் பொடியளும் வந்து எட்டிப் பாத்தாங்கள். கார்ல் ஹோகனுக்கு எந்த ஹோலிலயும் கதிரை இல்ல, முன்னோடிக் கதிரைகூட.

ஆக, எடுத்தவர் எல்லாரும் ஒரே மாதிரி எடுக்கேல்ல. றே சார்ள்ஸ் ஜோர்டனின் பாட்டை 1959 இல் பாடினார். பிறகு தன்ர சொந்தக் கொம்பனி தொடங்கினவுடன் ஜோர்டனைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வைச்சார். பி.பி. கிங் 1999 இல் ஜோர்டனின் பாட்டுகளை மட்டுமே வைச்சு ஒரு முழு அல்பம் போட்டார். லண்டனில் 1990 இல் ஜோர்டனின் பாட்டுகளைக் கோத்து ‘ஃபைவ் கைஸ் நேம்ட் மோ’ என்ற மேடை நாடகம் வந்து, 1992 இல் பிறோட்வேக்குப் போனது. இசைக்காரரிடம் அவர் மறக்கப்படேல்ல. வரலாறு எழுதினவரிடம்தான் ஒரு பந்தி.

அந்தப் பந்தியைத்தான் எங்களுக்கு விளங்கிக்கொள்ள முடியேல்ல. முன்னோடி என்றால் மரியாதையான சொல். எங்கட விரிவுரைக் குறிப்புகளிலயும் முன்னோடிகள் நிறையப்பேர் இருக்கினம், ஆளுக்கு நாலு வரி. ஆனால் 1946 இல் ஜோர்டனின் பாட்டுக்கு ஆடின சனம் எதுக்கும் முன்னால நிண்டு ஆடேல்ல. பில் ஹேலி வரப்போறார் என்று அவைக்குத் தெரியாது. அவைக்கு அதுதான் இசை, அன்றைய இசை, சனிக்கிழமை இரவு. ஜோர்டனும் ஒருத்தருக்கும் பாதை வெட்டிக்கொண்டு திரியேல்ல. ஊர் ஊராகப் போய்ச் சனத்தை ஆட வைச்சார்.

1973 இல், பாரிஸில் ஒரு பிரெஞ்சுக் கொம்பனிக்காக இன்னொரு அல்பம் பதிவு செய்தார். அப்பவும் சக்சபோன் கையில. 1975 பெப்ரவரி 4, லொஸ் ஏஞ்சல்ஸில் மாரடைப்பு. 66 வயசு.

கேக்க விருப்பம் என்றால் ‘சற்றடே நைற் ஃபிஷ் ஃப்றை’யில தொடங்குங்கோ. இரண்டு பாகத்தையும் ஒன்றாச் சேர்த்த பதிவாப் பாத்துத் தேடுங்கோ. பொலிஸ் வாறது இரண்டாம் பக்கத்திலதான்.